மூச்சுக்கு ஒரு பதம்

கொல்லர் ஊதுவது நெருப்பை. கண்ணாடிக்காரர் ஊதுவது பொருளையே.

இரும்பையும் உருக்கலாம், செம்பையும் உருக்கலாம். ஆனால் உருக்கிய இரும்பைக் குழாய் நுனியில் எடுத்து, மறுநுனியில் வாய் வைத்து ஊதிக் குடமாக்கினார் என்று யாரைப் பற்றியும் நாம் கேள்விப்பட்டதில்லை. உருகிய இரும்பு குழாயில் தங்காது, தண்ணீர்போல் சொட்டிவிடும். கொஞ்சம் ஆறட்டும் என்று பொறுத்தால் சட்டென்று கட்டிப்பட்டுவிடும். ஒழுகலுக்கும் கட்டிக்கும் நடுவே மூச்சு நுழைய இடமில்லை. கண்ணாடிக்கு மட்டும் அந்த இடம் எங்கிருந்து வந்தது?

டோக்கியோவின் கிழக்கோரம் எடோகாவா என்றொரு பகுதி. கோடையில் ஜப்பானியர் வீட்டு வாசலில் கட்டும் காற்றுமணிகளை அங்கே இன்றும் வாயால் ஊதித்தான் செய்கிறார்கள். கைத்தொழில் பழையது, ‘எடோ ஃபூரின்’ என்ற பெயர் 1960களில் ஷினோஹாரா யோஷிஹாரு என்ற கைவினைஞர் வைத்தது. உலையில் சுமார் 1300 டிகிரி செல்சியஸில் கண்ணாடி தகதகக்கிறது. ஊதுகிறவர் கையில் இருப்பதும் கண்ணாடிக் குழல்தான், இரும்பு அல்ல. நுனியில் கொஞ்சம் பாகை எடுத்து நாணய அளவுக்கு ஊதுகிறார். இது குச்சிதமா, ‘வாய்க்குமிழ்’ என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் இன்னொரு முறை பாகைச் சுற்றி எடுக்கிறார். மணியாகப் போவது இந்த இரண்டாவது உருண்டை. லேசாக ஊதி, கயிறு கோக்க ஒரு கம்பியால் துளை குத்தி, பிறகு ஒரே மூச்சு. உருண்டை விம்மி மணியாகிவிடுகிறது. அச்சு எதுவும் கிடையாது. அந்தரத்தில் ஊதுவதால் இதற்கு ‘ச்சூபுகி’ என்று பெயர், அந்தர ஊதல். ஆறிய பிறகு வாய்க்குமிழைத் தறித்து எடுத்தால் மணியின் வாய் திறந்துகொள்ளும்.

தறித்த விளிம்பை வழவழப்பாகத் தேய்ப்பதில்லை. ரம்பப்பல் மாதிரி சொரசொரப்பாகவே விட்டுவிடுகிறார்கள். உள்ளே தொங்கும் நாக்கு விளிம்பை லேசாக உரசினாலே ஓசை பிறக்கட்டும் என்றுதான். அச்சு இல்லாததால் இரண்டு மணிகள் ஒரே சுருதியில் பேசுவதில்லை.

இவ்வளவும் ஓரிரு நிமிட வேலை. அந்த ஓரிரு நிமிடத்துக்குள் கண்ணாடி என்னவாக இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

பதில் அடுப்படியிலேயே இருக்கிறது. சர்க்கரையிலிருந்து கற்கண்டும் வரும், கண்ணாடிபோன்ற ஆரஞ்சு மிட்டாயும் வரும். பொருள் ஒன்று, அமைப்பு வேறு. கற்கண்டு நூலைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் வளர்கிறது. சர்க்கரையின் மூலக்கூறுகள் நிதானமாக வந்து வரிசையில் உட்கார்கின்றன. பந்தியில் இலை போட்டதுபோல் ஒழுங்கு. இதைத்தான் படிகம் என்கிறோம். மிட்டாய்ப் பாகோ வேகமாக ஆறுகிறது. ஒழுங்காக உட்கார அவகாசமில்லாமல் மூலக்கூறுகள் நின்ற இடத்திலேயே உறைந்துபோகின்றன. ஆரஞ்சு மிட்டாய், கறாராகச் சொன்னால், சர்க்கரையால் ஆன ஒரு கண்ணாடி. மணலும் சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து உருகி ஆறுவது நாம் டம்ளரில் பார்க்கும் கண்ணாடி.

பார்க்க முடியாத ஒழுங்கீனத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எக்ஸ் கதிர்களைக் கொண்டு. படிகத்துக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் மறுபக்கம் கூர்மையான புள்ளிகளும் கோடுகளும் விழும். அடுக்கு ஒழுங்காக இருப்பதற்கான சாட்சி அது. கண்ணாடிக்குள் செலுத்தினால் மங்கலான வளையங்கள்தான் கிடைக்கும், நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல. அதை அலசினால் வருவது இது: ஒவ்வோர் அணுவுக்கும் பக்கத்து அணு சரியான தூரத்தில்தான் இருக்கிறது, பத்தாவது அணு எங்கே இருக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நிற்பவருக்கும் இதே நிலைமைதான். அடுத்த ஆள் ஒரு முழத்தில். பத்தாவது ஆள்? யாருக்குத் தெரியும்! 1932இல் ஜகாரியாசென் என்ற இயற்பியலாளர் இப்படி ஒரு ‘ஒழுங்கற்ற வலை’யாகக் கண்ணாடியை வரைந்து காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் வந்த எக்ஸ் கதிர் சோதனைகள் அந்தப் படத்துக்கு வலுச் சேர்த்தன.

ஊதுவதற்கான இடம் இந்த ஒழுங்கீனத்தில்தான் பிறக்கிறது. படிகத்தில் பிணைப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்று விட்டுக்கொடுக்கும் வெப்பத்தில் மற்றவையும் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் இரும்புக்கு உருகுநிலை என்று ஒற்றை எண் இருக்கிறது, 1538 டிகிரி. கண்ணாடியில் இழுபட்டவை, நெருக்குண்டவை, தளர்ந்தவை என்று பிணைப்புகள் பலவிதம். சூடேற ஏற வலுவில்லாதவை முதலில் தளர்கின்றன, மற்றவை பின்னால் வருகின்றன. ஆகவே அது ஒரு நொடியில் உருகுவதில்லை, இளகிக்கொண்டே போகிறது. பிளாஸ்டிக் பாட்டிலை ஆலையில் ஊதி உருவாக்க முடிவதும் இதே காரணத்தால்தான். அதுவும் இந்த வகையறா.

ஒரு பொருள் ஒழுகுவதற்குக் காட்டும் தயக்கத்தை நம் பாடநூல்கள் பாகுநிலை என்கின்றன. அருமையான சொல், பாகு காய்ச்சியவர்கள் யாரோ ஆக்கியிருக்க வேண்டும். பாகைத் தொட்டுப் பார்த்து கம்பிப்பதம், உருண்டைப்பதம் என்று சொல்கிறோமே, அதைத்தான் விஞ்ஞானிகள் அளந்து எண் கொடுக்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அடுப்பில் தண்ணீர் வற்ற வற்றப் பதம் ஏறுகிறது. கண்ணாடியில் சூடு இறங்க இறங்க ஏறுகிறது. உலையின் உச்சச் சூட்டில் அது தேன்போல் ஓடும். 1000 டிகிரி வாக்கில் பிசைந்த மாவுபோல் இழுத்த இழுப்புக்கு வரும். 550 டிகிரிக்கு வந்துவிட்டால் கைக்குக் கல். இந்த 450 டிகிரி இறக்கத்துக்குள் பாகுநிலை சுமார் நூறு கோடி மடங்கு உயர்ந்துவிடுகிறது! ஊதுகிறவரின் தொழில் முழுவதும் இந்தச் சரிவில்தான் நடக்கிறது.

நூறு கோடி மடங்கை எப்படி அளப்பது? ஓர் அளவுகோல் மிகவும் எளிமையானது. கண்ணாடியை ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய இழையாக இழுத்து, சிறிய உலைக்குள் தொங்கவிட வேண்டும். மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். தன் எடையாலேயே அந்த இழை நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நீளத் தொடங்கும் வெப்பம் எதுவோ, அதுவே அந்தக் கண்ணாடியின் ‘இளகுநிலை’. சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு 720 டிகிரி வாக்கில் வரும். இந்த முறையை வகுத்தவர் அமெரிக்காவின் கார்னிங் ஆலையில் வேலை பார்த்த இயற்பியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டன். அவருடைய மகன் ஹார்வி லிட்டில்டன் 1962இல் டொலீடோ நகர அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய உலையை மூட்டி, ஆலைக்குள் மட்டுமே நடந்துவந்த ஊதலைத் தனிக் கலைஞரின் கைக்குக் கொண்டுவந்தார். அப்பா பதத்தை அளந்தார், மகன் அந்தப் பதத்தைத் தெருவுக்கு அழைத்து வந்தார். ஜப்பானில் இவாதா தோஷிச்சி போன்றவர்கள் 1930களிலேயே சொந்தப் பட்டறை நடத்தியவர்கள்தாம். இருந்தாலும் தனிப்பட்டறைக் கலை அங்கே பெருகியது இந்த அலைக்குப் பிறகுதான். மருந்து வியாபாரத்துக்குப் பேர்போன, ஒரு காலத்தில் மருந்துக் குப்பிகளை ஊதித் தள்ளிய தொயாமா நகரம், 1991இல் நகராட்சிச் செலவிலேயே ஒரு கண்ணாடிக் கலைப் பள்ளி திறந்தது. 2015இல் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த அருங்காட்சியகமும் வந்துவிட்டது.

பட்டறைக்குள் போவோம். உலையிலிருந்து எடுத்த பாகை ஒரு கணமும் சும்மா விடக்கூடாது, குழலைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தேனில் முக்கிய கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் தேன் சொட்டாது; நிறுத்தினால் சொட்டும். அதே கதைதான்.

முதல் ஊதல்தான் கடினம். புது பலூனை ஊதும்போது ஆரம்பத்தில் கன்னம் வலிக்கிறதே, அதுபோல. குமிழி சிறியதாக இருக்கும்போது அதை விரிக்க அழுத்தம் அதிகம் வேண்டும். இதற்கு ஊதுகிறவர்களிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. சட்டென்று ஒரு மூச்சு விட்டு, குழலின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துவிடுவார்கள். பிறகு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஒரு விநாடி, இரண்டு விநாடி. பாகின் நடுவில் தானாகவே ஒரு குமிழி மலர்கிறது! உள்ளே மாட்டிக்கொண்ட மூச்சு செய்த வேலை அது. உடல் சூட்டில் போன காற்று ஆயிரம் டிகிரியை எட்டினால் நான்கு மடங்கு விரியப் பார்க்கும். வெளியேற வழியில்லை என்றால் பாகைத்தான் தள்ளும்.

இதையே தலைகீழாகப் பார்க்க ஹொக்கைதோ தீவின் ஒத்தாரு துறைமுகத்துக்குப் போகலாம். மீன்வலைகளை மிதக்கவிட அங்கே கண்ணாடி உருண்டைகள் ஊதினார்கள். உருண்டையைக் குழலிலிருந்து எடுத்த கையோடு அதன் துளையை ஒரு துளிப் பாகால் அடைத்துவிடுவார்கள். அந்த முத்திரைக்குத் தொப்புள் என்றே பெயர். அடைக்கும்போது உள்ளே சூடான காற்று. ஆறியதும் அது சுருங்குகிறது. எனவே அந்த மிதவைகளுக்குள் இருப்பது வெளிக்காற்றைவிட நெருக்கம் குறைந்த காற்று. வலையிலிருந்து அறுந்த சில உருண்டைகள் பசிபிக்கைக் கடந்து அமெரிக்கக் கரைகளில் ஒதுங்கியிருக்கின்றன.

ஊதலில் எனக்கு அதிசயமாகத் தோன்றுவது இன்னொன்று. பலூனில் ஓர் இடம் மெலிந்துவிட்டால் அந்த இடமே மேலும் மேலும் பிதுங்கி வெடிக்கும். கண்ணாடிக் குமிழி ஏன் அப்படி வெடிப்பதில்லை? ஓர் இடம் அதிகம் நீண்டு மெலிகிறது என்று வையுங்கள். மெலிந்த இடம் சீக்கிரம் ஆறும். ஆறினால் பாகுநிலை எகிறும். அதாவது அந்த இடம் ‘எனக்குப் போதும்’ என்று நின்றுவிடுகிறது. தடித்த இடத்தில் சூடு தங்கியிருப்பதால் அது தொடர்ந்து நீண்டு மற்றதை எட்டிப் பிடிக்கிறது. தவறு தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. ஆனால் ஆறிய குமிழியை மறுபடி உலை வாயில் காட்டினால் நியாயம் தலைகீழ். மெலிந்த இடம் முதலில் சூடேறி, முதலில் இளகி, முதலில் பிதுங்கும். புதிதாகக் கற்பவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில்தான். எப்போது ஊதுவது என்பதைவிட எப்போது ஊதாமல் இருப்பது என்று படிக்கத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

வடிவைத் திருத்தும் கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும்: நனைத்து மடித்த செய்தித்தாள். அதை உள்ளங்கையில் வைத்து, செக்கச்சிவந்த கண்ணாடியை அதன்மேல் உருட்டுகிறார்கள். கை வெந்துபோவதில்லை. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உடனே ஆவியாகாமல் முத்து முத்தாக ஓடுமே! துளிக்கும் கல்லுக்கும் நடுவே உண்டாகும் நீராவி மெத்தைதான் அதைத் தாங்குகிறது. இங்கே அந்த மெத்தை கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே.

குமிழி எங்கே எவ்வளவு நீண்டது என்று ஆறிய பிறகு கண்டுபிடிக்க முடியுமா? ஃபுஜிதா க்யோஹேயின் பேழைகளைப் பார்த்தால் முடியும் என்பேன். 1921இல் பிறந்து 2004இல் மறைந்த இவர், ஜப்பானின் உயரிய பண்பாட்டு விருதான புங்கா குன்ஷோவை 2002இல் பெற்றவர். தங்கத் தாளும் வெள்ளித் தாளும் பதித்து அவர் ஊதிய அலங்காரப் பேழைகளுக்கு மட்சுஷிமாவில் தனி அருங்காட்சியகம் இருக்கிறது. ஜப்பானில் அடிக்கும் தங்கத் தாளின் கனம், ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பாகை அதன்மேல் உருட்டினால் பச்சென்று ஒட்டிக்கொள்ளும். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். ஊதும் நேரத்துக் கண்ணாடி அதற்குக் கீழே இருப்பதால் தாள் தாளாகவே இருக்கிறது. கண்ணாடி நீளும், தங்கத் தாளால் அவ்வளவு நீள முடியாது. கோடையில் ஏரி வண்டல் வெடித்துப் பாளம் பாளமாகப் பிரிவதுபோல் அது தீவு தீவாகப் பிய்ந்து விலகுகிறது. தீவுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் கண்ணாடி கொஞ்சமே நீண்டது. விலகி நிற்கும் இடத்தில் அதிகம். ஒவ்வொரு பேழையின் மேலும் அதன் ஊதல் வரலாறு பொன்னால் பதிந்து கிடக்கிறது.

தெற்கே ஒகினாவாவில் கதை வேறு. போர் 1945இல் அந்தத் தீவைத் தரைமட்டமாக்கியது. மணலும் சோடாவும் இல்லை, ஆனால் அமெரிக்கப் படைத்தளங்கள் கழித்துப்போட்ட கோலா, பீர் பாட்டில்கள் மலைபோல் கிடந்தன. அவற்றை உருக்கி ஊதினார்கள். பாட்டில் கண்ணாடி ஊதுவதற்குத் தோதானதல்ல. இயந்திரம் படபடவென்று அச்சில் அடித்துத் தள்ள வேண்டும் என்பதற்காக, சீக்கிரம் இறுகும்படி தயாரிக்கப்பட்டது. தொழிலில் இதைக் ‘குட்டைக் கண்ணாடி’ என்பார்கள், வேலைக்குக் கிடைக்கும் நேரம் குட்டை. ஒகினாவா டம்ளர்கள் தடித்து, சாமானிய வடிவில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூடவே குமிழிகள். லேபிள் துணுக்கு, அழுக்கு எல்லாம் உலையில் எரிந்து வாயுவாகும். பெரிய குமிழி மேலேறி வெடித்துப் போய்விடும். சிறியதால் அது முடியாது. குமிழியின் அளவு பாதியானால் மேலேறும் வேகம் கால்பங்காகிவிடும். இந்தப் பாகில் பொடிக் குமிழிகள் அப்படியே சிக்கிக்கொள்ளும். ஆலைக்காரர்கள் இதைக் குறை என்று கழித்துக்கட்டுவார்கள். ஒகினாவாவில் அதுவே அடையாளமாகிவிட்டது. இனாமினே செய்கிச்சி என்ற கலைஞர் ஒரு படி மேலே போய், குமிழி வேண்டுமென்றே தவிடு, கரி, ஏன் கறிமசாலாப் பொடிகூடப் பாகில் கலந்தார். எரியும் பொருள் எதுவானாலும் வாயு வருமே! நம் வீட்டு மசாலா டப்பாவுக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று யார் நினைத்தது?

ஊதி முடித்த பாத்திரத்தை மேசையில் வைத்து ஆறவிட்டால், கொஞ்ச நேரத்தில் ‘டிக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கொதிக்கும் டீயை ஊற்றியதும் தடித்த டம்ளர் விரிசல் விடுவதும் இதே குடும்பத்துச் சண்டை. மேசையில் ஆறும் பாத்திரத்தின் வெளிப்புறம் முதலில் ஆறி இறுகிவிடுகிறது. உட்புறம் பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கிறது. இறுகிப்போன வெளிப்புறம் விடுவதில்லை. இந்த இழுபறிக்குத் தகைவு என்று பெயர். அதைத் தீர்க்கத்தான் பாத்திரத்தை 500 டிகிரி வாக்கில் இருக்கும் இன்னோர் அடுப்புக்குள் வைத்து இரவு முழுக்க இறக்குகிறார்கள். தணிப்பு அடுப்பு என்று சொல்லலாம். கைக்குக் கல்லாக இருக்கும் 550 டிகிரியிலும் அணுக்கள் அடியோடு அசையாமல் இல்லை. கால் மணி நேரத்தில் தகைவு கரைந்துபோகும் அளவுக்கு நகர்கின்றன. கரைந்ததா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் இரண்டு தாள்களைக் குறுக்காக வைத்து நடுவே பாத்திரத்தைப் பிடித்தால், தகைவு மிஞ்சிய இடம் மழைத் தெருவில் சிந்திய பெட்ரோல்போல் நிறம் காட்டும். இயற்பியலாளர் டேவிட் ப்ரூஸ்டர் 1815இல் கண்டது இது.

ஆறிய கண்ணாடிக்கும் ஊதுகிறவருக்கும் அதோடு கணக்கு முடிந்தது. ஒரு பொம்மைக்கு மட்டும் முடியவில்லை.

போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டுவந்த ‘வித்ரோ’ என்ற சொல் ஜப்பானிய வாயில் ‘பீதோரோ’ ஆனது. நாகசாகியில் அந்தப் பெயரில் ஒரு விளையாட்டுப் பொருள் விற்கிறார்கள். பொப்பென் என்றும் சொல்வதுண்டு. நீண்ட கழுத்தும் குட்டி வயிறும் கொண்ட கண்ணாடிக் குப்பி, அடிப்பாகம் மட்டும் தட்டையாக, காகிதம்போல் மெல்லிசாக. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியர் உதமாரோ இதை ஊதும் ஒரு பெண்ணை மரப்பாள அச்சில் செதுக்கவைத்திருக்கிறார். கழுத்தில் வாய் வைத்து மெல்ல ஊதினால் அடித்தட்டு வெளியே வளைகிறது, மூச்சை இழுத்தால் உள்ளே வளைகிறது.

கண்ணாடி வளையுமா? வளையும். முழு மூங்கிலை வளைக்க முடியாது, அதைக் கீறி எடுத்த சிம்பு வட்டமாகவே வளையும். தகடு மெலிய மெலிய, அதே வளைவுக்கு அதன் மேற்பரப்பு நீள வேண்டிய அளவு குறைகிறது. கண்ணாடி உடைவது எங்கேயோ ஒரு மேற்பரப்புக் கீறலில் தொடங்குகிறது என்று 1920இல் பொறியாளர் ஆலன் க்ரிஃபித் காட்டினார். இழை மெலிய மெலிய அதன் வலு கூடுவதையும் அளந்தார். 1922இல் மின்விளக்குக் கண்ணாடி ஊத ஆரம்பித்த டோக்கியோவின் ஷோதொகு பட்டறை, பல்பு ஊதிய அதே கைத்திறனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் குடிக்கும் டம்ளர்கள் செய்கிறது. பல்பைவிட மெல்லிசாகப் போகத் துணிந்தது பொப்பென்தான். ஊதும்போது ‘பொப்’, இழுக்கும்போது ‘பென்’. பலமாக இழுத்தால் சில்லு வாய்க்குள் போகும் என்பதால் குழந்தைகள் கையில் கொடுப்பதில்லை.